தனிக் கோழிக்குத் துணை சேர்க்கும்போது வரும் சிக்கல்கள்: எது நடந்தால் என்ன செய்வது

கடலூர், புதுச்சேரி பக்கம் கொல்லை இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். நாலு கோழி இருந்தது, ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போனது, ஒன்று ஐப்பசி மழையில் சளி பிடித்துச் செத்தது, ஒன்று மாப்பிள்ளை வந்த அன்று குழம்பாகிவிட்டது, கடைசியில் ஒரே ஒரு பெட்டை மட்டும் மிஞ்சி நாள் முழுக்கக் கத்திக்கொண்டு அடுப்படி வாசலிலேயே நிற்கும். பாவமாக இருக்கிறதே என்று சந்தையிலிருந்து ஒன்றை வாங்கிவந்து விட்டால், அந்தப் பாவப்பட்ட கோழிதான் புதுசின் மண்டையைக் கொத்திக் கிழிக்கும்.

கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்குவது என்று ஒரு வரிசை இருக்கும். தனியாக இருந்த கோழிக்கு அந்த வரிசையே மறந்துபோய், கொல்லை மொத்தமும் தன்னுடையது என்று ஆகிவிட்டிருக்கும். எனவே கொஞ்ச நாள் சண்டை இருக்கத்தான் செய்யும். எது சாதாரணச் சண்டை, எது கைமீறிப் போகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. துரத்துவது, கழுத்து இறகைச் சிலிர்ப்பது, கத்துவது இவற்றையெல்லாம் வைத்து முடிவெடுக்காதீர்கள். ரத்தம் வந்ததா, ராத்திரி கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை நிறைந்திருக்கிறதா, எங்கே படுக்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். கீழே உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

மற்ற கோழிகள் நோயில் செத்தன, இது மட்டும் பிழைத்தது

அப்படியானால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பிழைத்த கோழி நன்றாகத் தின்று திரிந்தாலும் உடம்பில் கிருமி இருக்கலாம். சளியும் மூச்சில் கொறகொற சத்தமும் வந்து தேறிய கோழி பல மாதம், சில சமயம் ஆயுசு முழுக்க, மற்றவற்றுக்குப் பரப்பிக்கொண்டே இருக்கும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) வந்த வீடு என்றால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். பழைய கோழியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, கூண்டின் அடியில் கிடக்கும் எருவையும் வைக்கோலையும் வழித்து எடுத்து, கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். அதன் பிறகும் தடுப்பூசி போட்ட கோழியாகத்தான் வாங்க வேண்டும்.

புதுசு வந்து சில நாளில் தூங்கி வழிகிறது, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிகிறது

இது சண்டையால் வந்ததாக இருக்காது, நோய். உடனே தனியாக வையுங்கள். ராணிக்கெட் கிருமி உள்ளே போனபின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 5, 6 நாள் ஆகும், சிலவற்றில் 15 நாள் வரை கூட இழுக்கும். அதனால்தான் வாங்கிவந்த அன்றே பழையதோடு விடக்கூடாது, மூன்று நாலு வாரம் தள்ளி வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் நின்று "அண்ணே, ஊசி போட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள், "எல்லாம் போட்டாச்சு சார்" என்றுதான் பதில் வரும். போடாதது என்று நினைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

தள்ளி வைப்பது என்றால் ஒரே கூண்டில் நடுவே பலகை வைப்பது இல்லை. கொல்லையின் மறுகோடி, மொட்டை மாடி, வண்டி நிறுத்தும் இடம் என்று எங்காவது. தீனித் தட்டு, தண்ணீர்ச் சட்டி எல்லாம் தனி. காலையில் பழைய கோழியை முதலில் கவனித்துவிட்டு அப்புறம் புதுசிடம் போங்கள், திரும்பி வரும்போது கையும் காலும் கழுவிக்கொள்ளுங்கள், செருப்பையும் சேர்த்து. இந்த நாட்களில் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கத்து இறகிலும் செள்ளு, பேன் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அதுவும் ஒருவகைச் செள்ளுதான்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரி மாதம் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் முகாம் நடத்தும், இலவசம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8 வாரம் ஆனதும் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி. போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது ஆகும், தவிர நோய் கண்டுவிட்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. கோழி செத்துவிட்டால் குப்பையில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து அன்றைக்கே எடுத்துப் போனால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்.

கழிச்சலில் ரத்தம் கலந்து வந்தால் அது வேறு. ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் வளரும் பருவக் கோழிகளுக்கு வரும், அதுவும் மழையில் நனைந்த எருவிலிருந்து. உங்கள் பழைய கோழி அதே மண்ணில் வளர்ந்து அதற்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும், அது தின்று கொழுத்துத் திரியும், அதன் எச்சத்திலிருந்து புதிய விடைக்கோழிக்கு (இன்னும் முட்டையிடாத இளங்கோழி) தொற்றும். ஆம்ப்ரோலியம் என்ற மருந்து கலந்த தண்ணீர் கேட்கும், ஆனால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே கொடுங்கள்.

பார்த்தவுடன் பாய்ந்து கொத்துகிறது, விடவே மாட்டேன் என்கிறது

அதிகம் பேர் சொல்வது இதுதான். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதை: ஒரே ஒரு புதுக்கோழி, பட்டப்பகல், பழைய கோழியின் இடம், நேராகத் தூக்கி உள்ளே விட்டாயிற்று.

முதலில் எண்ணிக்கை. ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள், அதுவும் ஒரே இடத்தில் சேர்ந்து வளர்ந்த இரண்டு. ஒன்று மட்டும் இருந்தால் விழுகிற கொத்து எல்லாம் அதற்கே விழும். இரண்டு இருந்தால் பழையது யாரைத் துரத்துவது என்று குழம்பும், புதுசுகளுக்கும் ஒன்றுக்கொன்று துணை. பணம் மிச்சம் என்று ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் கடைசியில் இன்னொன்றும் வாங்கத்தான் போகிறார்கள்.

அடுத்து அளவும் வயசும். நாலு மாதத்துக்குக் குறைந்த விடைக்கோழியை வளர்ந்த பெட்டையோடு விட்டால் உடம்பில் ஈடு கொடுக்க முடியாது. சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) இருக்கும் வீட்டில் அசில் சாதியைக் கொண்டுவந்து விட்டால் ஆபத்து மறுபக்கம்: அது சண்டைக்கு என்றே வளர்த்த வம்சம், பெட்டை கூட விடாப்பிடியாக நிற்கும். முட்டைப் பண்ணைகளில் வயசானதும் கழித்துவிடும் வெள்ளைக் கோழி மலிவாகக் கிடைக்கிறது, சாது, முட்டையும் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும், ஆனால் மூக்கை வெட்டியிருப்பார்கள், திருப்பிக் கொத்தவும் முடியாது, கழியில் ஏறிப் படுத்துப் பழக்கமே கிடையாது. முரட்டு நாட்டுக்கோழியோடு அதைச் சேர்ப்பதை நான் சொல்லமாட்டேன். கண்டிப்பாக வேண்டும் என்றால் மாதக்கணக்கில் பொறுமை தேவைப்படும்.

இப்போது சேர்க்கும் முறை. தள்ளி வைத்த நாட்கள் முடிந்ததும், பார்க்கலாம் ஆனால் தொட முடியாது என்ற நிலையில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் வையுங்கள். நடுவே கம்பிவலை போட்டாலும் சரி, புதுசுகளை ஒரு பெரிய பஞ்சாரத்துக்குள் வைத்துப் பழையதைச் சுற்றித் திரியவிட்டாலும் சரி. பஞ்சாரம் வெயிலில் இருந்துவிடக் கூடாது, அக்னி நட்சத்திர நாட்களில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் ஒரு மணி நேரம் போதும், கோழி வாயைப் பிளந்து சாய்ந்துவிடும். கடலூரில் தேவனாம்பட்டினம், பழைய டவுன் பக்கம் பழைய மீன்வலை சும்மாவே கிடைக்கும், பருந்துக்கும் காக்கைக்கும் மேலே கட்ட அது அருமையான பொருள், ஆனால் தரையளவில் தடுப்பாகக் கட்டாதீர்கள், கால் சிக்கிக்கொள்ளும், இழுத்து இழுத்து நரம்பை அறுத்துக்கொள்ளும்.

வலைக்கு இருபுறமும் பக்கம் பக்கமாகத் தீனியை வையுங்கள். முதல் நாள் வலையிலேயே முட்டும். பிறகு பழையது தன் பாட்டுக்குத் தின்ன ஆரம்பிக்கும், புதுசு அருகில் வந்தாலும் தலை நிமிராது. அந்த நிலை வந்தபின் வலையை எடுங்கள், தேதி பார்த்து எடுக்க வேண்டாம்.

எடுக்கும் நாளில் இடத்தையும் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியை நகர்த்துவது, நாலு தென்னமட்டையைச் சாய்த்து வைப்பது, ஒரு பழைய பெட்டியைக் கவிழ்ப்பது. பழையதற்கும் இடம் புதிதாகத் தெரியும், புதுசுக்கு ஒளிய இடம் கிடைக்கும். ஒளியும் இடத்துக்கு இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் என்றால் அது பொறிதான், உள்ளே மாட்டிக்கொண்டு அடிவாங்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், இரை தேடும் நேரத்தில், வெளியே திறந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள், கீரையோ கறையானோ அள்ளித் தூவுங்கள். கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும், சண்டையும் அதோடு நிற்கும். ராத்திரியில் சத்தமில்லாமல் கழியில் ஏற்றிவைத்தால் காலையில் எல்லாம் மறந்துவிடும் என்று சொல்வார்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் அன்று ராத்திரி மட்டும் அமைதியாகப் போகும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளும், அப்போது நீங்கள் எழுந்து கதவைத் திறக்காவிட்டால் உள்ளேயே கொத்து நடக்கும். பழக்கிய பின் செய்தால் நல்ல முறை, பழக்காமல் செய்தால் தள்ளிப்போடுவதுதான்.

ரத்தம் வந்துவிட்டது

உடனே பிரித்துவிடுங்கள், பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் அதே இடத்தைக் கொத்தும், அதுவரை சும்மா இருந்தது கூட வந்து சேர்ந்துகொள்ளும். காயத்தைக் கழுவி பொவிடோன் அயோடின் தடவுங்கள், மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசலாம், ஈ மொய்க்காது, சிவப்பும் மறையும். கொண்டையில் பட்ட சின்னக் காயம் ரத்தம் நிறையக் காட்டும், ஆனால் சீக்கிரம் ஆறும். முதுகிலோ ஆசனவாய்ப் பக்கமோ தோல் கிழிந்திருந்தால் தினமும் இரண்டு தடவை பாருங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். முழுக்க ஆறிய பிறகே திரும்பச் சேர்க்கலாம்.

திரும்பச் சேர்க்கும்போது அடிபட்டதை வெளியே வைத்து அடித்ததை உள்ளேயே விட்டுவைத்தால், இடம் இன்னும் அதன் பெயருக்கே எழுதியாகிவிடும். அடித்த பழையதைத்தான் மூன்று நாலு நாள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தனியாக அடைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வைத்துக்கொள்வார் என்றால் அங்கேயே விடுங்கள். அதற்குள் புதுசு இரண்டும் கொல்லையைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்று தெரிந்துகொள்ளும். பழையது திரும்பி வரும்போது அதுதான் விருந்தாளி.

புதுசு மூலையிலேயே நிற்கிறது, தீனிக்கு வருவதில்லை

கொத்து விழாமலே கோழி பட்டினியில் சாகும், அதனால் இது ரத்தத்துக்கு அடுத்த அபாயம். ராத்திரி அடைந்தபின் கையில் எடுத்து, நெஞ்சின் முன்பக்கம் வலப்புறமாக விரலால் தடவிப் பாருங்கள். தீனிப்பை எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்து, உள்ளே தானியம் நெருடினால் கவலையில்லை, எப்போதோ போய்த் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் அன்று முழுக்கத் தின்னவில்லை. காலையிலும் பை நிறைந்தே, பிசுபிசு என்று இருந்தால் அது செரிமானக் கோளாறு, சண்டையோடு சம்பந்தம் இல்லை.

தீனித் தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி. பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். இடமும் பாருங்கள்: கூண்டுக்குள் தலைக்கு 4 சதுர அடி, வெளியே சுமார் 10 சதுர அடி. புதுச்சேரி டவுன் வீடுகளில் சந்துக்குள் ஒரு கூண்டை வைத்துக்கொண்டு மூன்று பெட்டையைப் பழக்க நினைப்பவர்கள் இதை எவ்வளவு முறை படித்தாலும் சண்டை ஓயாது.

புதுசு 18 வாரத்துக்குக் குறைந்தது என்றால் முட்டைக்கோழித் தீவனத்தை அதற்குப் போடாதீர்கள், அதில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து வளரும் கோழியின் சிறுநீரகத்துக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனமே வைத்துவிட்டு, முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சலைப் பொடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியது மட்டும் பொறுக்கிக்கொள்ளும். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி உப்புப் போக்குங்கள். கருவாட்டுத் தலையும் அப்படித்தான், உப்பு ஏறினால் தண்ணீராகக் கழியும். உப்புப் போடாத மீன் கழிவை வேகவைத்துப் போடலாம், அது நல்லது, புரதம் குறைந்த கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கும்.

இருட்டினால் உள்ளே வராமல் முருங்கை மரத்தில் ஏறிவிடுகிறது

உள்ளே இடமில்லை, அல்லது வாசலில் பழையது நின்று கொத்துகிறது. கழிகள் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் மேல்கழிக்கு அடிதடிதான். சவுக்குக் கழி, கட்டைவிரலைவிடத் தடிமனாக, தலைக்கு 8 முதல் 10 அங்குலம் இடம். மரத்தில் ஏறியதைக் கல்லெறிந்து இறக்க வேண்டாம், நன்றாக இருட்டியபின் ஏணி வைத்துக் கையில் எடுத்து உள்ளே கழியில் வையுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் செய்தால் பழகிவிடும். கீரியும் பூனையும் ஏறாத மரம் கிடையாது, அங்கேயே பழகட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

கூண்டில் எல்லாக் கோழியுமே ஏற மறுத்தால், டார்ச் அடித்துக் கழியின் இடுக்கைப் பாருங்கள். ராத்திரியில் மட்டும் வெளியே வரும் செள்ளு அங்கே ஊரும்.

பழையது முட்டை இடுவதை நிறுத்திவிட்டது

இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள், அதிர்ச்சிதான். கார்த்திகை மார்கழியில் பொழுது சுருங்கி இறகும் உதிரும் நேரம் என்றால் புதுசின்மேல் பழி போட முடியாது. முட்டையிடும் கூடையில் புதுசு படுத்து எச்சம் போடுகிறதா என்று மட்டும் பாருங்கள், அப்படியானால் கூடை கழியைவிட உயரத்தில் இருக்கிறது, இறக்குங்கள்.

தலைகீழாக, புதுசு இரண்டும் சேர்ந்து பழையதை அடிக்கின்றன

பழையதற்கு வயசாகியிருந்தால் நடக்கும். ஒதுங்கித் தின்கிறது, தீனிப்பை நிறைகிறது, கழியில் ஓரத்தில் இடம் கிடைக்கிறது என்றால் தலையிடாதீர்கள், அது தன் இடத்தை ஒத்துக்கொண்டுவிட்டது. மனசு கேட்காமல் அதை மட்டும் எடுத்து மடியில் வைத்துத் தனியாக ஊட்டினால் திரும்பிப் போகும்போது இன்னும் நாலு கொத்து கூடுதலாக விழும். இறக்கை தொங்கி, எடை குறைந்து போனால் மட்டும் உள்ளே ஏதாவது நோய் இருக்கிறதா என்று காட்டுங்கள், நோயாளியைத்தான் கோழிகள் முதலில் ஒதுக்கும்.

அடைக்கு உட்கார்ந்துவிட்டது, யாரையும் கிட்டே விடவில்லை

இது சிக்கலே இல்லை, வாய்ப்பு. பெரிய கோழி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் உறுதியாக அடையில் இருக்கிறதா என்று பார்த்து, பிறந்து ஒன்றிரண்டு நாளேயான நாட்டுக்கோழிக் குஞ்சுகளை ராத்திரியில் ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். விடியும்போது பக்கத்தில் இருங்கள். தாழ்ந்த குரலில் க்ளுக் க்ளுக் என்று கூப்பிட்டால் முடிந்தது, அது தாயாகிவிட்டது. ஓங்கிக் கொத்தினால் உடனே எடுத்துவிட்டு அடுத்த ராத்திரி ஒருமுறை பார்க்கலாம், அதற்குமேல் வேண்டாம். குஞ்சு கிடைக்கவில்லை என்றால் சேவலோடு இருக்கும் பெட்டையின் முட்டையை வாங்கி வையுங்கள், 21 நாள். இப்படி வளர்ந்தவற்றோடு பின்னால் அறிமுகச் சண்டையே வராது. இரண்டு மாதம் போலத் தாய் திடீரென்று குஞ்சுகளைக் கொத்தித் துரத்தும், பயப்பட வேண்டாம், பிரித்துவிடும் பருவம் அது.

துணைக்கு ஒரு சேவல் மட்டும் வாங்கிவிட்டேன், பெட்டையின் முதுகு மொட்டையாகிறது

ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை வேண்டும். ஒரே பெட்டை என்றால் நாள் முழுக்க அதன்மேல்தான் ஏறும், முதுகு இறகு போய்த் தோல் கிழியும். சேவலைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பெட்டைகளைக் கூட்டும்வரை தனியாக அடைத்துவையுங்கள்.

இன்னும் பழகவில்லை, அதற்குள் புயல் எச்சரிக்கை

2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூண்டு நிற்காது என்று தோன்றினால் எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துதான் ஆகவேண்டும், ஆனால் அவசரத்தில் ஒரே பஞ்சாரத்தில் போட்டு மூடிவிடாதீர்கள். ஓட முடியாத இடத்தில்தான் கோழி கோழியைக் கொல்லும். இரண்டு கூடை, பக்கம் பக்கமாக, மேலே காற்றுப் போகும்படி சாக்கைப் போர்த்தி இருட்டாக்குங்கள், இருட்டில் அடங்கிக் கிடக்கும். அடியில் காய்ந்த உமியோ மரத்தூளோ போடுங்கள். நனைந்து பூசணம் பிடித்த தீவனம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் கொட்டிவிடுங்கள். மழை விட்டதும் கொல்லையில் தண்ணீர் வடியும்வரை வெளியே விடாமல், அதே இரண்டு கூடையில் இருந்தபடியே வலையோர அறிமுகத்தைத் தொடரலாம்.